பத்திர ஆபீஸ் கம்ப்யூட்டரை விற்கும் முன்

கேள்வி

ஐயா, திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் என் அப்பா பல வருடங்களாகப் பத்திர எழுத்தராக இருந்தார். இப்போது கண் பார்வை சரியில்லை, ஆபீஸை மூடுகிறோம். இரண்டு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப், ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின், டப்பா நிறையப் பென்டிரைவும் சி.டி.யும் இருக்கின்றன. ஒரு டெஸ்க்டாப் ஆன் ஆகவே இல்லை. மதுரையிலிருந்து வரும் பழைய கம்ப்யூட்டர் வியாபாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லியிருக்கிறார். ஓடுகிற இரண்டையும் என் அக்கா மகன் ஃபார்மட் செய்துவிட்டான், இனிக் கவலையில்லை என்கிறான். தெரிந்தவர் ஒருவர் 35 தடவை அழித்தால்தான் போகும் என்கிறார். இன்னொருவர் ஸ்பீக்கர் காந்தத்தை மேலே வைத்துத் தேய்த்தால் போதும் என்கிறார். அப்பாவோ, "நம்பிக் கொடுத்த ஜனங்களோட காகிதம்மா, எவன் கைக்கும் போயிடக் கூடாது" என்று தினமும் சொல்கிறார். நான் என்ன செய்வது?

- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. வியாபாரியிடம் இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நான் மதுரையில் பார்ப்பது அழிந்துபோன தரவை மீட்டுக் கொடுக்கும் வேலை. கல்யாண ஆல்பம் போய்விட்டது, டேலி கணக்கு போய்விட்டது என்று ஜனங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் பாதிக்கு மேல் யாரோ தெரியாமல் ஃபார்மட் செய்த டிஸ்க்தான். அவற்றிலிருந்து பெரும்பாலும் எல்லாமே திரும்பி வந்துவிடும். அதனால்தான் "ஃபார்மட் செய்துவிட்டோம், போதும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. எனக்கு வருகிற அதே ஃபைல்கள் வேறு யாருக்கும் வரும். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் என்ன இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கிரயப் பத்திரம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில், பவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே விற்பவர், வாங்குபவர், சாட்சி எல்லாருடைய ஆதார், பான், போட்டோ, கையெழுத்து, போன் நம்பர், சில சமயம் காசோலை நகலும் இருக்கும். பதிவான பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அதில் கைரேகையும் இருக்கும். ஒரு வங்கிக் கிளையில்கூட ஒரு குடும்பத்தின் விவரம் இவ்வளவு மொத்தமாக ஒரே இடத்தில் கிடைக்காது. கைரேகையை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். 2018இல் தெலங்கானாவில் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்த பத்திர நகல்களிலிருந்து ஒருவர் கைரேகைகளை எடுத்து, ரப்பர் அச்சு செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். அதன்பிறகு இதே வழியில் ஆதார் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகளும் சில மாநிலங்களில் பதிவாகின. பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது. அதனால்தான் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதைவிட உங்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

சரி, ஃபார்மட் செய்தால் உண்மையில் என்ன நடக்கிறது? உங்கள் வீட்டுத் தொழிலை வைத்தே சொல்கிறேன். பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடாது. கிணறும் வரப்பும் அங்கேதான் கிடக்கும். டிஸ்க்கும் அப்படித்தான். எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பதிவை மட்டும் துடைத்துவிட்டு, "இந்த இடமெல்லாம் காலி" என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. விரைவு ஃபார்மட் என்ற குவிக் ஃபார்மட் செய்வது இதைத்தான், அதுவும் சில நொடிகளில் முடித்துவிடும். 500 ஜி.பி. டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக எழுதுவதென்றால் மணிக்கணக்கில் ஆகும். உங்கள் அக்கா மகன் எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்று கேளுங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. அவர் இன்னும் நம்பவில்லை என்றால், அந்த டெஸ்க்டாப் டிஸ்க்கில் ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மீண்டு வருவதை வேறொரு டிரைவில் சேமிக்கட்டும். திரையில் வரும் ஆதார் அட்டைகளைப் பார்த்த பிறகு உங்களுடன் அவரே சேர்ந்து உட்காருவார்.

அந்த 35 தடவைக்கும் ஒரு கதை உண்டு. பீட்டர் குட்மன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது அந்த எண். அந்தக் காலத்து டிஸ்க்குகள் பல விதமான குறியீட்டு முறைகளில் தரவை எழுதின. எந்த முறையில் எழுதிய டிஸ்க்காக இருந்தாலும் அழியட்டும் என்று எல்லாவற்றுக்குமான வடிவங்களையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார், கூட்டினால் 35 வந்தது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் அந்த 35ம் தேவையில்லை என்று அவரே பின்னால் தெளிவாக எழுதிவிட்டார். அந்தப் பழைய டிஸ்க்குகள் இன்று புழக்கத்திலேயே இல்லை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, இன்றைய காந்தத் தட்டு ஹார்ட் டிஸ்க்கில் முழு டிஸ்க்கையும் ஒரே ஒரு தடவை மேலெழுதினாலே, ஆய்வுக்கூடக் கருவிகள் வைத்துப் பார்த்தாலும் தரவைத் திரும்ப எடுப்பது தடைபடும் என்கிறது. என் மேஜையில் நான் பார்ப்பதும் அதுதான். முழுதாக ஒரு தடவை பூஜ்யம் எழுதிய டிஸ்க்கிலிருந்து என்னால் ஒரு எழுத்தைக்கூட எடுக்க முடியாது.

காந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் காந்தத்துக்கு அந்த பலம் கிடையாது. ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே அதைவிட வலுவான நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன, அவற்றின் பக்கத்தில்தான் தரவு பத்திரமாக இருக்கிறது. இதற்கென்றே டீகாஸர் என்று பெரிய இயந்திரம் உண்டு, அது வேறு விஷயம். லேப்டாப்பில் இருப்பது எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் தரவை வைக்கும் டிரைவ்) என்றால் எந்தக் காந்தமும் அதை ஒன்றும் செய்யாது, அது காந்தத்தில் எழுதுவதே இல்லை.

ஆக, எத்தனை தடவை என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தப் பொருளில் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு வழி, எஸ்.எஸ்.டி.க்கு வேறு வழி, சி.டி.க்கு இன்னொரு வழி. ஒன்றுக்குச் சரியானது மற்றதற்குப் பயன்படாது. உங்களிடம் எல்லாமே கலந்து இருப்பதால் ஒவ்வொன்றாகவே சொல்கிறேன்.

அதற்கு முன், வைத்துக்கொள்ள வேண்டியதை எடுத்து வையுங்கள். பாதியில் நிற்கும் வேலைகள், கட்சிக்காரர்கள் திரும்பக் கேட்கக்கூடிய வரைவுகள், அப்பாவின் வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றை ஒரு வெளி டிரைவில் ஏற்றி, அந்த டிரைவுக்குப் பாஸ்வேர்டு பூட்டு போடுங்கள். அக்கா மகன் ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டதால், எதையாவது எடுக்க வேண்டியிருந்தால் இப்போதே மீட்டுவிடுங்கள். அழித்த பிறகு நானும் உதவ முடியாது. பதிவான பத்திரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை அலுவலகத்தில் இருக்கின்றன, சான்றிட்ட நகல் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கணக்குகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில் ஓடுகிற டெஸ்க்டாப். பழையது என்பதால் உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் தான் ஓடிக்கொண்டிருக்கும் டிரைவைத் தானே முழுதாக அழிக்காது. அதனால் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யு.எஸ்.பி. கன்வர்ட்டர் ஒன்றை வைத்து வேறொரு கம்ப்யூட்டரில் இணையுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அது சுலபமாகக் கிடைக்கும். டெஸ்க்டாப் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் மின்சாரம் வேண்டும், அதோடு வருவதாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியைத் திறந்து, அழிக்க வேண்டிய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கிளீன் ஆல் என்ற கட்டளையைக் கொடுத்தால் முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை பூஜ்யம் எழுதும். வெறும் கிளீன் என்று கொடுத்தால் போதாது, ஆல் என்ற அந்தச் சொல் கட்டாயம் வேண்டும். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: டிஸ்க் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்ல கம்ப்யூட்டர் காலியாகிவிடும். அது "நிச்சயமா?" என்று கேட்காது. கொள்ளளவைப் பார்த்து எண்ணை உறுதிசெய்துகொண்டு, இரண்டு பேராக உட்கார்ந்து செய்யுங்கள். முக்கியமான வேறு எந்த டிரைவும் அப்போது அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்க வேண்டாம்.

கட்டளை எழுதப் பயமாக இருந்தால் சாதாரண ஃபார்மட்டிலேயே குவிக் ஃபார்மட் என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டுச் செய்யலாம். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது பூஜ்யம் எழுதுவதாக மாறிவிட்டது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில் அப்படியில்லை. அங்கே முழு ஃபார்மட்டும் கெட்ட இடங்களைத் தேடிப் பார்க்குமே தவிர, பழைய தரவைத் தொடாது. ஆகவே இந்த வேலையை எக்ஸ்பி ஓடும் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். அப்புறம், ஃபார்மட் என்பது ஒரு பகுதிக்கு மட்டும்தான். சி, டி, இ என்று பிரித்து வைத்திருந்தால் எல்லாவற்றையும் தனித்தனியே செய்ய வேண்டும். பத்திர ஃபோல்டர்கள் பெரும்பாலும் டி-யில்தான் இருக்கும், ஆனால் அவசரத்தில் சி-யை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு வரும் கம்ப்யூட்டர்களை நிறையப் பார்க்கிறேன்.

நேரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 500 ஜி.பி. டிஸ்க்கை கம்ப்யூட்டருக்குள் நேரடியாக மாட்டி எழுதினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியலாம். பழைய யு.எஸ்.பி. 2.0 வழியாக என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட்டை நிறுத்தும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் டிஸ்க் பாதி அழிந்தும் பாதி அழியாமலும் கிடக்கும், மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். முடிந்ததும் அதே ஃபோட்டோரெக்கை மறுபடி ஓட்டுங்கள். முன்பு ஆயிரக்கணக்கில் வந்த இடத்தில் இப்போது ஒரு ஃபைல்கூட வரக் கூடாது. அழிக்கும்போது நடுவில் பிழை காட்டினாலோ, ஒரு இடத்தில் வந்து திணறினாலோ, அந்த டிஸ்க்கில் கெட்ட இடங்கள் இருக்கின்றன. அங்கே பழைய தரவு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட டிஸ்க்கை விற்க வேண்டாம், உடைப்பதுதான் வழி.

ஆன் ஆகாத டெஸ்க்டாப்பைப் பற்றி எல்லாரும் நினைப்பது, "அதுதான் செத்துப்போச்சே, யார் எடுக்கப் போறா" என்று. உங்களிடம் இருப்பதில் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். கம்ப்யூட்டர் ஆன் ஆகாததற்கு பெரும்பாலும் காரணம் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் பெட்டி அல்லது மதர்போர்டு. ஹார்ட் டிஸ்க் கல்லுக்குண்டு மாதிரி நன்றாகவே இருக்கும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் உடனே திறக்கும். முதலில் அதை மாட்டிப் பாருங்கள். தெரிந்தால் மேலே சொன்னபடியே பூஜ்யம் எழுதுங்கள்.

டிஸ்க்கே கெட்டு, டக் டக் என்று சத்தம் போட்டாலும் உள்ளே இருக்கும் தட்டுகளில் தரவு அப்படியே இருக்கிறது. அதே மாடல் டிஸ்க்கிலிருந்து, தட்டைப் படிக்கும் முனையான ஹெட்டை எடுத்து மாற்றியும், சர்க்யூட் போர்டை மாற்றியும் நாங்கள் படிக்கிறோம். செலவு பிடிக்கும் வேலைதான், ஆனால் முடியாத வேலை இல்லை. எழுத முடியாத டிஸ்க்கை அழிக்க மென்பொருளால் ஆகாது, உடைக்கத்தான் வேண்டும். கப்பலூர் சிட்கோ உங்களுக்குப் பக்கம்தான். அங்கே ஏதாவது ஒரு லேத் பட்டறையில் டிரில்லிங் மெஷினில் வைத்து, தட்டுகள் ஊடே நாலைந்து ஓட்டை போட்டு, அப்புறம் வைஸில் வைத்து வளைத்துத் தரச் சொல்லுங்கள். நின்று பார்த்து, கையோடு வாங்கி வாருங்கள். டி8 நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் இருந்தால் மூடியைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்துவிடலாம். டெஸ்க்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் அலுமினியம், கீறி வளைத்துவிடலாம். லேப்டாப்பின் சின்ன ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி. அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஒரு துணிப்பைக்குள் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டுதான் அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது நடுவில் விரல் இருந்தால் தோல் கிழிந்துவிடும், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். எதையும் எரிக்க வேண்டாம். அந்தப் புகை நச்சு.

அடுத்து லேப்டாப். இதில் எஸ்.எஸ்.டி. இருந்தால் கணக்கே மாறுகிறது. எஸ்.எஸ்.டி.யில் தரவு தங்கும் சின்ன அறைக்குச் செல் என்று பெயர். ஒரே செல்லில் திரும்பத் திரும்ப எழுதினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் நீங்கள் ஒரு இடத்தில் எழுதச் சொன்னாலும் அதை நடத்தும் சிப்பான கன்ட்ரோலர் வேறு காலி இடத்தில் எழுதிவிட்டு, பழையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். விண்டோஸுக்குக் கண்ணில் தெரியாத உபரி இடமும் கொஞ்சம் அதற்குள் உண்டு. எனவே மேலெழுதும் மென்பொருள் நினைக்கிற இடமும் உண்மையில் எழுதப்படும் இடமும் ஒன்றல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011இல் இதைச் சோதித்தார்கள். ஒரு தனி ஃபைலை மட்டும் அழிக்கும் முறைகளைப் போட்டுப் பார்த்தபோது, எஸ்.எஸ்.டி.யில் அந்த ஃபைலின் 4 முதல் 75 சதவீதம் வரை மிச்சம் கிடைத்தது.

இதற்குச் சரியான வழி, டிரைவுக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துவது. செக்யூர் எரேஸ், சானிடைஸ் என்ற பெயர்களில் அது இருக்கும். டெல், எச்.பி. நிறுவனங்களின் அலுவலக மாடல் லேப்டாப்களில் பயாஸ் என்ற, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையிலேயே இதற்கான இடம் உண்டு. டெல்லில் டேட்டா வைப் என்றும், எச்.பி.யில் செக்யூர் எரேஸ் என்றும் போட்டிருக்கும். இல்லையென்றால் டிரைவைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளைத் தேடுங்கள். சாம்சங் என்றால் மெஜிஷியன், குரூஷியல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ். ஹார்ட் டிஸ்க் மாதிரி மணிக்கணக்கில் ஆகாது, பல டிரைவ்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிந்ததும் சோதித்துப் பாருங்கள் என்று இங்கேயும் சொல்வேன். அதே சான் டியாகோ சோதனையில் ஒரு டிரைவ் "அழித்துவிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு எல்லாத் தரவையும் அப்படியே வைத்திருந்தது.

இந்தக் கட்டளை எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், விண்டோஸின் செட்டிங்ஸில் ரீசெட் பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் கிளீன் டேட்டா என்ற விருப்பத்தை மறக்காமல் ஆன் செய்து ஓட்டுங்கள். ஒரு சாதாரண மனிதர் இலவச மென்பொருள் வைத்துத் தோண்டுவதை இது தடுக்கும். ஆனால் கைரேகை ஸ்கேன்கள் இருந்த லேப்டாப்புக்கு இதை மட்டும் நம்பி விற்கும்படி நான் சொல்ல மாட்டேன். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மட்டும் விற்றுவிடுங்கள். கழற்றிய எஸ்.எஸ்.டி.யை உடைப்பதானால், பலகையில் எங்கேயோ ஓர் ஓட்டை போட்டுப் பயனில்லை. கறுப்பாக இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாக நொறுக்க வேண்டும். ஒரு சிப் தப்பினாலும் அதைக் கழற்றிப் படிக்கும் கருவிகள் உண்டு.

பென்டிரைவும் எஸ்.எஸ்.டி.யின் குடும்பம்தான், செக்யூர் எரேஸ் வசதி மட்டும் அதில் இருக்காது. டப்பா நிறைய இருக்கும் பழைய பென்டிரைவ்களை விற்று என்ன கிடைத்துவிடப் போகிறது? உள்ளே இருக்கும் சிப் உடையும்படி சுத்தியலால் அடித்துவிடுங்கள். சி.டி.யை உடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கீறுவதால் அதிகப் பலனில்லை, மெருகேற்றினால் மறுபடி படிக்கும். சி.டி.யில் தரவு இருப்பது லேபிள் பக்கத்துக்குச் சற்றுக் கீழே, டி.வி.டி.யில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே. ஆகவே தகரம் வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டுவதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், அப்பாவின் போன். இப்போதெல்லாம் கட்சிக்காரர்கள் ஆதாரை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அதே படங்கள் போனிலும், கூகுள் கணக்கின் பேக்கப்பிலும், வாட்ஸ்அப் வெப் இறக்கிய டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் இருக்கும். போனை அப்பாவே வைத்துக்கொள்வதானால் பழைய உரையாடல்களை அழித்தால் போதும். வேறு யாருக்காவது கொடுப்பதானால், முதலில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 10உடன் வெளிவந்த போன்களிலிருந்து தரவைக் குறியாக்கம் செய்தே, அதாவது ஒரு சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே வைப்பது கட்டாயம். ரீசெட் செய்தால் அதன் சாவி போய்விடும், சாவி போனால் மிச்சம் இருப்பதைப் படிக்க வழியில்லை. மெமரி கார்டு அதில் சேராது, தனியாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். பத்திரப்பதிவு இணையதளம், மின் முத்திரைத்தாள், மின்னஞ்சல் என்று அப்பா பயன்படுத்திய கணக்குகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். பிரவுசர் அவற்றை ஞாபகம் வைத்திருந்திருக்கும்.

ஜெராக்ஸ் மெஷின். பெரியது என்று எழுதியிருக்கிறீர்கள். நகல், பிரின்ட், ஸ்கேன் எல்லாம் சேர்ந்த பெரிய அலுவலக மெஷின்கள் பலவற்றில் உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும், எடுத்த நகல்களின் படம் அதில் தங்கும். 2010இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி சில பழைய காப்பியர்களை விலைக்கு வாங்கி உள்ளே பார்த்தபோது, ஒன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிகள் விவரம் கிடைத்தது. வாடகைக்கு எடுத்த மெஷினை டிஸ்க்கை அழிக்காமலே அவர்கள் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். 2013இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்தது. உங்கள் மெஷினின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் டிஸ்க் உண்டா என்று சர்வீஸ் செய்பவரிடம் கேளுங்கள். உண்டு என்றால் அட்மின் மெனுவில் டிஸ்க்கை அழிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். முகவரிப் பட்டியலையும் அழிக்கச் சொல்லுங்கள்.

இப்போது வியாபாரி. அவரை நான் சந்தேகப்படவில்லை, பெரும்பாலானவர்கள் நேர்மையாகப் பிழைப்பவர்கள். ஆனால் அவர் வாங்கியது அவரோடு நிற்பதில்லை. அடுத்த கடை, அடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருக்கும். மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய அமெரிக்க நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் ஒப்படைத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்துக்கு வந்துவிட்டன. 2022இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அவர்களுக்கு 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. "நாங்களே அழித்துக்கொள்கிறோம்" என்று வியாபாரி சொன்னாலும் அந்த வேலையை அவரிடம் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், கம்ப்யூட்டர்களை ஹார்ட் டிஸ்க் இல்லாமலே விற்றுவிடுங்கள். பழைய டிஸ்க்குக்கு அவர் தரும் விலை மிகச் சொற்பம், மொத்தத்தில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், அவ்வளவுதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதிலிருந்து பழைய கம்ப்யூட்டர்கள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன, டிஸ்க் இல்லாதவையும் விலைபோகின்றன. முழுதாக அழித்துச் சோதித்த டிஸ்க்கை விற்பதிலும் தவறில்லை. உடைத்த டிஸ்க், சிப், பென்டிரைவ் எல்லாவற்றையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள், தெருமுனைக் குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் புதிதாக நடைமுறையில் இருக்கின்றன.

ஆபீஸில் இருக்கும் காகிதக் கட்டுகளையும் பழைய பேப்பர் கடைக்கு எடை போட வேண்டாம். ஆதார் நகலில் வடை மடித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். பிரிண்ட் ஆகிக் கிடக்கும் நகல்களை ஷ்ரெடரில் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுங்கள். அசல் பத்திரம் எதுவும் அதில் கலந்திருக்கிறதா என்று அப்பாவோ நீங்களோ ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்த பிறகு செய்யுங்கள். அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை என்றால் நீங்கள் பெயர்களை வாசித்துச் சொல்லுங்கள், யாருடைய அசல் திரும்பப் போக வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

டிஸ்க்குகளை அழித்து முடித்ததும், எந்த டிஸ்க், அதன் சீரியல் எண், என்ன முறை, எந்தத் தேதி, யார் உடன் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். 2023இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. நாளைக்கு யாராவது "எங்கள் விவரம் எங்கே போனது" என்று கேட்டால் அந்தத் தாளைக் காட்டலாம். கிளீன் ஆல் ஓட்டும்போது டிஸ்க் எண்ணில் சந்தேகம் வந்தால், எண்டர் தட்டுவதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.